வாய் நமைச்சலா, முந்திரி ஒவ்வாமையா? பிரித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

எங்கள் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள். என் மகள் வெள்ளரிப்பிஞ்சைக் கடித்த மறு நிமிடம் உதடும் அண்ணமும் நமைக்கும். அரை மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். என் அக்கா மகனுக்கு இரண்டு வயதில் ஒரு வாய் கேசரி ஊட்டினோம். அதில் கிடந்த முந்திரியால் அன்று இரவு திருமங்கலத்திலிருந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இரண்டுக்கும் வீட்டில் ஒரே பெயர்தான், அலர்ஜி. ஊர்ப் பெரியவர்கள் காணாக்கடி என்றார்கள். ஒரே பெயர் வைத்ததால் இரண்டு பிள்ளைகளுக்கும் தவறு செய்தோம். பையனுக்கு அதற்கு முன்பே ஒரு தடவை பாயாசம் குடித்து உடம்பெல்லாம் தடித்திருந்தது. வெற்றிலைச் சாறு தடவிவிட்டு மறந்துவிட்டோம். மகளுக்கோ, வாய் நமைச்சலுக்குப் பயந்து எட்டு மாதம் கடலை, முந்திரி, பழம் எல்லாவற்றையும் நிறுத்தி, பிள்ளை எடை குறைந்துபோனது.

அந்த இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதை, இப்போதுதான் முதன்முதலாக இந்தக் கவலைக்குள் வருபவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது எது, மருத்துவரிடம் கேட்க வேண்டியது எது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

முதலில் ஆபத்து

மற்றதைப் படிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எதைச் சாப்பிட்டதாலும் சரி, பின்வருவதில் ஒன்று தெரிந்தால் அது வெறும் வாய் நமைச்சல் இல்லை: குரல் கம்முவது, விடாத இருமல், நெஞ்சில் வீசிங் சத்தம், மூச்சு முட்டுவது, தொண்டையை யாரோ பிடித்தது போல இறுக்கம், தலைச்சுற்றல், கண் இருட்டுவது, பிள்ளை துவண்டு போவது. உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பி, கூடவே வாந்தியோ வயிற்றுப் பிடிப்போ வந்தாலும் அதே கணக்குதான்.

உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது கைக்குக் கிடைத்த வண்டியில் பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மதுரைக்குள் என்றால் பெரியாஸ்பத்திரி, அதாவது கோரிப்பாளையம் அரசு இராசாசி மருத்துவமனை, எந்நேரமும் திறந்திருக்கிறது. வெளியூரில் இருந்தால் மதுரை வரை ஓட வேண்டாம். வழியில் முதலில் வரும் ஆஸ்பத்திரியில் நிறுத்துங்கள். இந்த நிலைக்கு மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இல்லை. 5 முதல் 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு ஊசி போடுவார்கள். அலர்ஜிக்கென்று கொடுக்கும் செட்டிரிசின் மாத்திரை தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும். அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது, இறங்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றாது. மாத்திரை கொடுத்துவிட்டு, பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்த அந்த இருபது நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

வண்டி வரும்வரை படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். எழுப்பி நிற்க வைக்காதீர்கள், நடக்க விடாதீர்கள். தண்ணீர், எலுமிச்சைச் சாறு, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். ஊசி போட்டுத் தெளிந்த பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்ப்பார்கள். சிலருக்கு எல்லாம் அடங்கிய பிறகு இரண்டாம் முறை கிளம்புவது உண்டு. சரியாப் போச்சு, வீட்டுக்குப் போவோம் என்று அவசரப்படாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

மகரந்தத்தால் வருவதை ஆள் மாறாட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வழியாகப் போகும் ஏதோ ஒரு மகரந்தத்தை உடம்பு எதிரியாகக் குறித்து வைத்திருக்கிறது. அந்த மகரந்தத்தில் இருக்கும் ஒரு புரதமும், ஒரு காயிலோ பழத்திலோ இருக்கும் ஒரு புரதமும் சாயலில் ஒன்று. காயைக் கடித்ததும் வாய்க்குள் இருக்கும் காவல், அந்த ஆள்தான் வந்துவிட்டான் என்று கிளம்பிவிடுகிறது. உதடு, நாக்கு, அண்ணம், தொண்டை நமைக்கிறது; சில நேரம் உதடு லேசாக வீங்குகிறது. பெரும்பாலும் அதோடு சரி. ஏனென்றால் இந்தப் புரதங்கள் பலவீனமானவை. சூடு பட்டால் உருக்குலைந்துவிடும், வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும். ஓரல் அலர்ஜி சிண்ட்ரோம் என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தால் இதைத்தான் சொல்கிறார். மகரந்த உணவு ஒவ்வாமை என்ற பெயரும் இதற்கு உண்டு.

கடலையிலும் முந்திரியிலும் இருக்கும் முக்கியமான புரதங்கள் வேறு சாதி. விதை முளைப்பதற்காகச் சேர்த்து வைத்திருக்கும் சேமிப்புப் புரதங்கள் அவை, கெட்டியானவை. வறுத்தாலும் பொரித்தாலும் அப்படியே இருக்கும், வயிற்று அமிலத்துக்கும் எளிதில் அசையாது. ரத்தத்தில் கலந்து தோல், நுரையீரல், குடல், ரத்தக்குழாய் என்று எங்கும் போகும். அதனால்தான் வாயில் தொடங்கியது உடம்பு முழுக்கப் பரவுகிறது. ஒரு துணுக்கு முந்திரியே போதும் என்பதும் இதனால்தான்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். நிலக்கடலைக்குள் இரண்டு வகைப் புரதமும் இருக்கிறது. மகரந்தச் சாயல் உள்ள புரதத்துக்கு அரா எச் 8 என்று பெயர்; சேமிப்புப் புரதங்களில் முக்கியமானது அரா எச் 2. கடலை தின்ற இரண்டு பேருக்கு வாய் நமைக்கிறது என்றால், ஒருவருக்கு அது அங்கேயே நின்றுபோகும் வகையாக இருக்கலாம், இன்னொருவருக்கு உயிரோடு விளையாடும் வகையின் முதல் அறிகுறியாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் முதல் ஐந்து நிமிடம் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

அதனால் வீட்டுக்குள் நாங்கள் ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். காய், பழம் தின்று வாய் மட்டும் நமைத்தால் நிதானமாகப் பார்க்கலாம். நிலக்கடலை, முந்திரி, பாதாம், பிஸ்தா, அக்ரூட், எள் தின்று வாய் நமைத்தால், மருத்துவர் பார்த்து இல்லை என்று சொல்லும்வரை அதை நிஜமான ஒவ்வாமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேகவைத்தால் சரியாகிவிடுமா

பச்சைத் தக்காளி நமைக்கிறது, ரசத்தில் கரைத்தால் ஒன்றும் செய்வதில்லை. பச்சைக் கேரட் நமைக்கிறது, பொரியலில் பிரச்சினை இல்லை. இப்படி இருந்தால் மகரந்த வகை என்று சந்தேகப்படலாம். நல்ல அடையாளம் இது. ஆனால் இந்த அடையாளத்தைக் கடலைக்கும் முந்திரிக்கும் கொண்டுபோகவே கூடாது. பச்சைக் கடலை நமைக்கிறதே, வறுத்துக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னபோது பதறிவிட்டேன். வறுப்பதால் கடலையின் சேமிப்புப் புரதம் பலவீனமாவதில்லை. ஒவ்வாமையைத் தூண்டும் திறன் கூடுவதாகவே ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அவித்தால் புரதத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு இறங்கிவிடும், ஆனாலும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அவித்த கடலையும் ஆபத்துதான். இந்தச் சோதனையை வீட்டு அடுப்படியில் செய்யாதீர்கள்.

ஒவ்வாமையே இல்லாத நமைச்சல்கள்

நம் சமையலில் நாக்கை நமைக்க வைப்பவை நிறைய. அவற்றையெல்லாம் ஒவ்வாமைக் கணக்கில் சேர்த்துவிட்டால் மருத்துவருக்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம். சேனை, சேப்பங்கிழங்கு, பிடிகருணை நமைப்பது அதில் இருக்கும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் வாயில் குத்துவதால். யார் தின்றாலும் நமைக்கும். புளித் தண்ணீரில் வேகவைக்கும் வழக்கம் அதற்காக வந்ததுதான். அன்னாசி நாக்கைப் பிடிப்பது அதில் இருக்கும் புரோமெலைன் என்ற நொதியால்.

கத்தரிக்காய் கொஞ்சம் இரண்டுங்கெட்டான். அதற்கு உண்மையான ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. அதில் இயல்பாகவே இருக்கும் வேதிப்பொருள்களால் அரிப்பு எடுப்பவர்களும் உண்டு. சொறி இருக்கிறவன் கத்தரிக்காய் தின்னாதே என்று நம் பாட்டிகள் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

மாங்காய்க்குத் தனிக் கதை. நத்தம், அழகர்கோவில் பக்கத்து மாந்தோப்புகளில் வேலை செய்பவர்களுக்கு மாங்காய்ப்பால் பட்டுப் புண்ணாவது தெரியும். காம்பிலிருந்து வடியும் பால் வாயோரம் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளமும் அரிப்பும் வரும். தாமதமாக வருவதும் பால் பட்ட இடத்தில் மட்டும் இருப்பதும் இதன் அடையாளம். தோலைச் சீவிக் கழுவிக் கொடுத்தால் பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால், மாங்காய்ப்பால் புண்ணைப் பார்த்து முந்திரி ஒவ்வாமை என்று பயந்துவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு வழியில் வருபவை.

நம் ஊர் மகரந்தம்

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் முக்கால்வாசி பிர்ச் மரத்தைப் பற்றி வரும். ஆப்பிள், பீச், ஹேசல்நட், கேரட், செலரி என்று பட்டியல் போட்டிருப்பார்கள். அந்த மரம் ஐரோப்பாவின் வடபகுதி போன்ற குளிர்ப் பிரதேசங்களுக்கு உரியது. மதுரையில் இல்லை. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துவைத்துக்கொண்டு பிள்ளைக்கு ஆப்பிளை நிறுத்துவதில் பொருள் இல்லை. ஆனால் ஒன்று: இங்கிருந்து ஜெர்மனிக்கோ ஸ்வீடனுக்கோ படிக்கவும் வேலைக்கும் போகும் நம் பிள்ளைகளுக்கு, சில வருடம் அந்தக் காற்றைச் சுவாசித்த பிறகு பிர்ச் ஒவ்வாமை புதிதாக வரலாம். அம்மா, இங்க ஆப்பிள் தின்னா வாய் அரிக்குது என்று போனில் சொன்னால் அதை நினைவில் வையுங்கள்.

நம்மைச் சுற்றி இருப்பது வேறு செடிகள். மழை பெய்து ஓய்ந்ததும் காலி மனைகளிலும் கண்மாய்க் கரையிலும் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூப் பூத்து நிற்கும் பார்த்தீனியம். 1950-களில் புணே பக்கம் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய களை இது. அமெரிக்காவில் மூக்கைப் படுத்தும் ராக்வீட் என்ற களையும் இதே குடும்பம். இரண்டின் மகரந்தத்துக்கும் சாயல் உண்டு. ராக்வீட் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வாய் நமைக்க வைப்பவை முலாம்பழம், தர்பூசணி, வெள்ளரி, வாழைப்பழம். அப்புறம் புல் வகை. நம் அருகம்புல்லும் அதில் அடக்கம். புல் மகரந்தத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவை முலாம்பழம், தக்காளி, ஆரஞ்சு. பிறகு சீமைக்கருவேலம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள்; திருமங்கலத்திலிருந்து விருதுநகர் போகும் வழியில் பாருங்கள், மறுபடி துளிர்த்து நிற்கிறது. அதன் மகரந்தம் மூக்கு ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் பேர்போனது.

இதிலிருந்து ஒரு முக்கியமான கேள்வி பிறக்கிறது. பிள்ளைக்குக் காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கு அரிப்பு, கண் சிவந்து அரிப்பது இருக்கிறதா? மழைக்குப் பிறகு கூடுகிறதா? மகரந்த வகை நமைச்சல் பெரும்பாலும் இந்த மூக்குத் தொல்லை சில வருடம் இருந்த பிறகு, பள்ளி வயதிலோ அதற்குப் பின்னோதான் தொடங்கும். தும்மலே அறியாத ஒன்றரை வயதுக் குழந்தைக்கு முந்திரி தின்று வாயைச் சுற்றிச் சிவந்தால், மகரந்தம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமே இல்லை. தும்மலுக்கு வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியும் காரணமாக இருக்கலாம் என்பதால், தும்மல் இருப்பது மட்டுமே சான்றாகிவிடாது.

ஒரு நோட்டு போடுங்கள்

மருத்துவரிடம் போனதும் அவர் கேட்பது பெரும்பாலும் கதையைத்தான். அங்கே போய் யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எது நடந்தாலும் அன்றே எழுதுங்கள். என் மகளுடைய நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது:

"சனிக்கிழமை. பஸ்ஸில் வாங்கிய வெள்ளரிப்பிஞ்சு 2, பச்சையாக, உப்பும் மிளகாய்த்தூளும் தூவியது. மாலை 5.40. 5.45-க்கு உதடு, அண்ணம் நமைச்சல், காதுக்குள் அரிப்பு. தடிப்பு இல்லை, இருமல் இல்லை. 6.10-க்குச் சரி. மாத்திரை தரவில்லை. காலையில் தும்மல் நிறைய."

மிளகாய்த்தூள் எரிச்சலா, வெள்ளரியா என்று தெரிந்துகொள்ள, மருத்துவர் சொன்ன பிறகு இன்னொரு நாள் வெறும் பிஞ்சில் ஒரு சின்னத் துண்டு கொடுத்துப் பார்த்தோம். அன்றும் நமைத்தது.

அக்கா மகனின் கதையைப் பின்னால் உட்கார்ந்து எழுதினோம்: "கேசரி ஒரு கரண்டி, முந்திரி பாதி. 10 நிமிடத்தில் வாயைச் சுற்றிச் சிவப்பு. 20 நிமிடத்தில் வாந்தி, முதுகில் தடிப்பு, பிறகு இருமல். மாத்திரை கொடுத்தோம், இருமல் நிற்கவில்லை." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டியதும், படிக்காத என் அம்மாவே வித்தியாசத்தைச் சொல்லிவிட்டார்: "அவளுக்கு வாயோட நின்னுருச்சு. அவனுக்கு உடம்புக்குள்ள இறங்கிருச்சு."

எழுதும்போது விடக்கூடாதவை: என்ன தின்றது, எவ்வளவு, பச்சையா வெந்ததா, எத்தனை நிமிடத்தில், உடம்பில் எங்கெங்கே, எப்போது அடங்கியது. அதே பொருளை முன்பு தின்றபோது என்ன ஆனது என்பதும் வேண்டும். தின்றவுடன் ஓடி விளையாடியதா, அன்று காய்ச்சல் இருந்ததா, வலி மாத்திரை போட்டிருந்ததா என்பதையும் சேருங்கள். பெரியவர்களாக இருந்தால் மது குடித்திருந்தார்களா என்பதும் கணக்கு. இவை சேர்ந்தால் சாதாரணமாக வாயோடு நிற்பதுகூட உடம்புக்குள் இறங்கலாம். தடிப்பைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடும். பொட்டலம் இருந்தால் அதன் பின்பக்கத்தையும் எடுங்கள்.

மருத்துவரிடம், பரிசோதனையில்

குழந்தை மருத்துவரிடமோ ஒவ்வாமை பார்க்கும் மருத்துவரிடமோ நோட்டோடு போங்கள். நாங்கள் முதலில் போனது ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு. யாரும் எழுதிக்கொடுக்காமலே, எல்லாத்துக்கும் சேர்த்துப் பார்த்துடலாம் என்று பெரிய பட்டியலுக்கு ரத்தம் கொடுத்தோம். மகளுக்குக் கடலை, கோதுமை, சோயா, தக்காளி, ஆரஞ்சு என்று வரிசையாகப் பாசிட்டிவ். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் எட்டு மாதம் சோற்றையும் பருப்பையும் தவிர மற்றதை நிறுத்தினோம். அவள் அதுவரை கோதுமைத் தோசையும் கடலைமிட்டாயும் ஒரு தொந்தரவும் இல்லாமல் தின்றுகொண்டிருந்த பிள்ளை.

எங்கே தவறியது என்று பிறகுதான் புரிந்தது. ரத்தத்தில் ஐஜிஇ (ஒவ்வாமையில் பங்கெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) இருப்பது, உடம்பு அந்தப் பொருளை அடையாளம் குறித்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். தின்றால் ஒவ்வாமை வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. புல் மகரந்தத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, அந்தச் சாயலால் கோதுமை, கடலை எல்லாம் காகிதத்தில் பாசிட்டிவ் காட்டுவது மிகச் சாதாரணம். எண் பெரிதாக இருந்தால் நிஜமான ஒவ்வாமையாக இருக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் அடுத்த முறை எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அந்த எண் சொல்லாது. ஐஜிஜி என்ற வேறொரு சோதனையை உணவு ஒவ்வாமைக்கென்று விற்கிறார்கள். அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். சாப்பிட்டுப் பழகிய உணவுக்கெல்லாம் எல்லோருக்கும் அது இருக்கும்.

கதையில் சந்தேகம் வரும் பொருளுக்கு மட்டும் சோதனை செய்வதுதான் சரியான வழி. தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு முன் செட்டிரிசின் போன்ற மாத்திரைகளை ஐந்து முதல் ஏழு நாள் நிறுத்தச் சொல்வார்கள். எப்போது நிறுத்துவது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். காய், பழத்துக்குப் பாட்டிலில் வரும் சாற்றைவிடப் புதுக் காயையே கொண்டுவரச் சொல்லி, ஊசியைக் காயில் குத்தி அப்படியே தோலில் குத்துவது உண்டு. அந்தப் புரதம் பலவீனமானது, பாட்டிலில் தங்காது என்பதுதான் காரணம்.

கடலையில் குழப்பம் இருந்தால், புரதத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் ரத்தச் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அரா எச் 2 பாசிட்டிவ் என்றால் நிஜமான கடலை ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகம். அது இல்லாமல் அரா எச் 8 மட்டும் என்றால் மகரந்த வகையாக இருக்கலாம். முந்திரிக்கு இதே போல அனா ஓ 3 என்று ஒன்று. இவற்றுக்குப் பிறகும் தெளியாவிட்டால் கடைசி வழி, ஆஸ்பத்திரியில், அட்ரினலின் பக்கத்தில் இருக்க, துளித் துளியாகத் தின்னக் கொடுத்துப் பார்ப்பது. என் மகளுக்குக் கடலையை அப்படித்தான் பார்த்தார்கள். ஒரு கைப்பிடி வரை தின்றாள், ஒன்றும் ஆகவில்லை. அன்று பஸ் ஸ்டாண்டிலேயே கடலைமிட்டாய் வாங்கிக் கேட்டாள்.

பதில் தெரிந்த பிறகு

மகரந்த வகை என்று உறுதியானால், நமைக்க வைக்கும் காயைப் பச்சையாகத் தவிர்த்து வேகவைத்துச் சாப்பிடலாம். ஒரு காய் நமைக்கிறது என்பதற்காக அதே பட்டியலில் இருக்கும் மற்றதை நிறுத்த வேண்டாம். நிம்மதியாகத் தின்பதைத் தின்னட்டும். பச்சைக் காயும் பழமும் நிறைய அரைத்து ஒரே மூச்சில் குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வயிறு செரிப்பதற்குள் அளவு மிஞ்சிவிடும். தொண்டை இறுக்கமோ தடிப்போ ஒரு தடவை வந்தாலும், வேகவைத்த பிறகும் வந்தாலும், மறுபடி மருத்துவரைப் பாருங்கள். மகரந்த வகையிலும் மிகச் சிலருக்குக் கடுமையாக வருவது உண்டு.

முந்திரி ஒவ்வாமை என்று உறுதியானால் பிஸ்தாவும் கூடாது. இரண்டின் புரதமும் அவ்வளவு நெருக்கம். அக்ரூட்டுக்கும் பீகான் என்ற வெளிநாட்டுக் கொட்டைக்கும் அதே உறவு. நிலக்கடலை பயறு வகை, தனி. தேங்காயைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். முந்திரி ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோர் தேங்காய் சாப்பிடுகிறார்கள். செக்குக் கடலை எண்ணெயில் கடலைப் புரதம் தங்கியிருக்கும், கடலை ஒவ்வாமை உள்ள வீட்டில் அது வேண்டாம். நல்லெண்ணெய்க்கும் எள் ஒவ்வாமைக்கும் இதே கதைதான். ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் மரப் பிசின். பாதாம் பருப்பு இல்லை. ஆனால் மேலே பாதாம் சீவல் தூவும் கடைகள் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

அட்ரினலினைத் தானாகச் செலுத்தும் பேனா ஊசி நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. சில மருத்துவர்கள் ஆம்பியூலும் (சின்ன மருந்துக் குப்பி) சிரிஞ்சும் எழுதிக்கொடுத்து, அளவைக் குறித்து, வீட்டாருக்குப் பழக்கியும் விடுகிறார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

கடைசியாக, வெளியில் சாப்பிடும்போது எப்படிச் சொல்வது. இதில்தான் தமிழ் நம்மை மாட்டிவிடுகிறது. கடலை என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள்! கடலைமாவு, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை எல்லாம் ஒரு செடி. நிலக்கடலை வேறு செடி. ஒரு கல்யாண வீட்டில் சமையல்காரரிடம், "அண்ணே, பிள்ளைக்குக் கடலை ஆகாது, சட்னியில இருக்கா?" என்று பக்கத்து இலையில் இருந்த அம்மா கேட்டார். "கடலை இல்லாமச் சட்னியா தாயி? பொட்டுக்கடலைதான், பயப்படாதீங்க" என்றார் அவர். அவர் சொன்னது உண்மை. ஆனால் அதே இலையில் இருந்த புளியோதரையில் வறுத்த நிலக்கடலை இருந்தது. அதை அந்த அம்மா கேட்கவும் இல்லை, சமையல்காரர் சொல்லவும் இல்லை. அதனால் எப்போதும் முழுப் பெயரைச் சொல்லுங்கள், நிலக்கடலை அல்லது வேர்க்கடலை என்று. முந்திரிக்குக் கேட்கும்போது, போட்டிருக்கா என்று மட்டும் கேட்காமல், அரைச்சு ஊத்தியிருக்கா என்றும் கேளுங்கள். குருமாவிலும் சால்னாவிலும் முந்திரி கண்ணுக்குத் தெரியாது. பொட்டலத்தில் வரும் பொருளில் நிலக்கடலை, கொட்டை வகைகள் இருந்தால் குறிப்பிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது, படித்து வாங்குங்கள். கண்ணாடிப் பெட்டியில் உதிரியாக விற்கும் இனிப்புக்கு அந்தக் காப்பு இல்லை.

பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சத்துணவு அமைப்பாளர், காலை உணவு சமைக்கும் அக்கா, வேன் ஓட்டுநர் ஆகியோருக்கும் தெரிய வேண்டும். ஒரு அட்டையில் பிள்ளையின் பெயர், என்ன ஆகாது, என்ன அறிகுறி, 108, வீட்டு எண் என்று பெரிய எழுத்தில் எழுதிப் பையில் வையுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் மண்டகப்படிக்கு மண்டகப்படி தொன்னையில் பொங்கலும் புளியோதரையும் நீட்டுவார்கள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனது வராது, பிள்ளைக்கும் ஏக்கமாக இருக்கும். அக்கா மகனுக்கு இப்போது ஒன்பது வயது. தொன்னையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சித்தி, இதை நீங்க சாப்பிடுங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, நீர்மோர் ஊற்றும் பந்தலுக்கு ஓடுகிறான்.